திருப்பிப் போட்ட கோட்டு

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்த பிறகு வீடு திரும்பும் பெண்ணிடம் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். அதே பெண் கோட்டின் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வந்து நின்றால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுப்பார்கள், அதுவும் சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலத்தில். இதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் மேட்டு வயல். எங்கள் வீட்டுக்கும் பஸ் வந்து நிற்கும் நாற்சந்திக்கும் நடுவில் அது சரிவாகக் கிடக்கிறது. வயலின் நடுவே வட்டமாக ஒரு மண்மேடு, சுற்றிலும் முள்மரங்கள். எங்கள் பரம்பரையில் அந்த மேட்டில் ஏர் வைத்தவர்கள் யாரும் இல்லை. அந்த மரத்தில் ஒரு குச்சி ஒடித்தவர்களும் இல்லை. அது யாருடையது என்று கேட்டால் 'நல்லவர்களுடையது' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம். மேட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் மாயக் கூட்டத்தைத்தான் அப்படிச் சொல்வோம். அவர்கள் நல்லவர்கள் என்பதற்காக இல்லை, அவர்கள் காதில் விழுந்து தொலைக்கப் போகிறதே என்பதற்காக.

அந்த வயலில் எங்கேயோ ஒரு பிடி திகைப்புல் இருக்கிறது. இன்று இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது. தெரியாமல் அதன்மேல் கால் வைத்துவிட்டால் போச்சு, பிறந்ததிலிருந்து நடந்து பழகிய வயல் யாரோ ஒருவருடைய வயலாகிவிடும். வேலியில் வழி இருக்காது. அவர்களாக மனம் இரங்கி விடுகிறவரை சுற்றிச் சுற்றி நடக்க வேண்டியதுதான். இதற்கு ஒரே ஒரு மாற்று உண்டு. போட்டிருக்கும் சட்டையையோ கோட்டையோ கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். இது வேறு யாரோ என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

எனக்கு இதில் துளிகூட நம்பிக்கை கிடையாது. அதாவது பகலில், வீட்டுக்குள், பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது கிடையாது.

வீட்டில் நானும் அண்ணன் மாலக்கியும் மட்டும்தான். என்னைவிடப் பதினெட்டு வயது பெரியவர். அம்மா போன பிறகு எனக்கு அப்பாவும் அவர்தான், அம்மாவும் அவர்தான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னையும் செய்துகொள்ளாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நல்லதாய்ப் போயிருக்கும், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டுக் கிளம்பியிருப்பேன். அவர் செய்ததெல்லாம் இதுதான்: என்னைப் பெண் கேட்டு யாராவது வந்துவிட்டுப் போனால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு மெதுவாகச் சொல்வார்.

"நல்ல பையன்தான். மூணு வயல் வச்சிருக்கான். மூணுலயும் வாத்து நீந்துது."

நானும் சிரித்துவிடுவேன். சிரித்த பிறகு அந்தப் பையனை எப்படிக் கட்டிக்கொள்வது? இப்படியே சிரித்துச் சிரித்து எனக்கு முப்பது வயது ஓடிப்போனது. அவரே ரொட்டி சுட்டுச் சாப்பிடுவதையும், அவரே விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதையும் என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடாத வீடுகளில்தான் இப்படி மாட்டிக்கொள்வார்கள்.

கோல்மன் ரோடு போடுகிற கூட்டத்தோடு வந்தான். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். நாற்சந்தியில் கடை வைத்திருக்கும் டீலியா அக்காவின் பின்கட்டில் தங்கியிருந்தான். காலடி மண்கூடச் சொந்தம் இல்லை. வாத்து நீந்துவதற்கு ஒரு குட்டையும் இல்லை. அண்ணன் அவனைப் பற்றி என்ன நையாண்டி செய்வார் என்று எனக்கு முன்கூட்டியே கேட்டது. அந்த நையாண்டிக்கு நான் சிரித்துவிடுவேனோ என்றுதான் பயம். அதனால் அவனைப் பற்றி வீட்டில் மூச்சே விடவில்லை.

நாற்சந்திக்குப் பக்கத்தில் அடுப்பெரிக்க வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை அடுக்கி வைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கேதான் சந்திப்போம். ஒருநாள் பேச்சு நீண்டுவிட்டது. அவசர அவசரமாகக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன். வாசலில் அண்ணன் விளக்கோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. விஷயம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"மேட்டு வயல் வழியா வந்தியா?" என்றார்.

குனிந்து பார்த்தேன். கோட்டின் உள்பக்கம் வெளியே திரும்பியிருந்தது. அது ஒரு மங்கிய பழுப்புக் கோட்டு. உள்ளே மட்டும் அம்மாவின் சிவப்புக் கம்பளிப் பாவாடையை வெட்டி நானே உள்துணியாகத் தைத்திருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு பளிச்சென்று இருந்தது.

"ஆமாண்ணே."

"மிதிச்சிட்டியா?"

"ம்."

"ரொம்ப நேரம் சுத்த விட்டுட்டாங்களா? நல்லவேளை, திருப்பிப் போடணும்னு தோணிச்சே. உள்ள வா, வா. நடுங்குற பாரு."

மீதிக் கதையை அவரே சொல்லி முடித்துக்கொண்டார். நான் செய்ததெல்லாம் கூடுதல் சர்க்கரை போட்ட தேநீரைக் குடித்ததுதான்.

மறுநாள் கோல்மனிடம் சொன்னபோது அவன் கரிமண் அடுக்கின்மேல் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். "ஏ பொண்ணே, இவ்வளவு சுலபமா ஒரு சாக்கு வச்சுக்கிட்டு இத்தன நாளா ஓடி ஓடிப் போனியே! இனிமே கோட்ட நானே திருப்பி மாட்டி அனுப்புறேன்."

அப்படியே செய்தான். எனக்குக் கோட்டை மாட்டிவிடுவது அவனுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஊருக்குள் என் கதை பரவிற்று. டீலியா அக்கா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அந்தப் பொண்ணு மேல அவங்களுக்கு என்னமோ ஒரு கண்ணு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாள். தீர்த்தம் கொடுத்தார்கள், சிலுவை கொடுத்தார்கள். அண்ணன் ஒரு பழைய லாட ஆணியை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து என் கோட்டுப் பையில் போட்டார். இரும்பு இருந்தால் அவர்கள் கிட்டே வர மாட்டார்கள்.

"இது பையிலயே கெடக்கட்டும், சபீனா. எடுத்துடாத," என்றார்.

பிறகும் நான் மாதத்துக்கு ஒருமுறையாவது 'மிதித்துக்கொண்டுதான்' வந்தேன். ஆணி இருந்துமா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் ரோடு வேலை முடிந்தது. வியாழக்கிழமை பஸ்ஸில் கிளம்பி, ரயிலைப் பிடித்து, கப்பலேறி இங்கிலாந்துக்குப் போவதாகக் கோல்மன் சொன்னான். அங்கே சுரங்கப் பாதை தோண்டுகிறார்களாம். ஆள் தேவைப்படுகிறதாம்.

"நீயும் வா," என்றான்.

"சொல்றதுக்கு எவ்வளவு சுலபமா இருக்கு உனக்கு."

"கஷ்டமாத்தான் இருக்கு. மூணு நாளா சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன், கல்லு கிட்ட."

நான் அழுதேன். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவன் என்னை அவசரப்படுத்தவில்லை. கல் உடைத்துக் காய்த்துப்போன விரல்களால் என் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுச் சொன்னான்.

"இங்க பாரு. மத்தியான பஸ்ஸுக்கு நான் நாற்சந்தியில நிப்பேன். நீ மேட்டு வயல் வழியா வந்துடு, ரோட்டு வழியா மூட்டையோட வந்தா டீலியா அக்கா அங்கேயே உக்கார வச்சுக் கேள்வி கேப்பா. ஆனா ஒண்ணு. கடைசி நேரத்துல உன்னால முடியலன்னு வச்சுக்கோ. அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, இல்ல மனசு வரல, எதுவோ. அப்ப எனக்குத் தெரியணும். தெரியாம நான் அங்கேயே மரம் மாதிரி நின்னுடுவேன். பஸ்ஸ விட்டுடுவேன், கப்பலையும் விட்டுடுவேன். என்னால உன்ன விட்டுட்டு ஏற முடியாது, நீயா சொன்னாத்தான் ஏறுவேன்."

"எப்படிச் சொல்றது? வயல்ல நின்னு கத்தவா?"

"சிவப்பக் காட்டு. வயல்ல எங்க நின்னாலும் ரோட்டுலேர்ந்து தெரியும். நீ வரலன்னா கோட்டத் திருப்பிப் போட்டுக்க. நான் பாத்துட்டு ஏறிடுவேன். அதுக்கப்புறம் உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன், சபீனா. சத்தியமா."

"சிவப்பே காட்ட மாட்டேன், போ," என்றேன்.

வியாழக்கிழமை காலை அண்ணன் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். கரிமண் வெட்டும் சதுப்புக்குப் போவதாகவும், பொழுது சாய்ந்துதான் வருவேன் என்றும் சொன்னார். வாசலில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார், திரும்பவும் சரிசெய்துகொண்டார்.

"மழை வராது இன்னிக்கு," என்றார்.

"வராதுண்ணே."

"நல்ல நாளு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கிளம்புவதற்கு முன்பே பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு ரொட்டிக்குப் பதில் இரண்டு ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி வைத்தேன். அவருடைய கிழிந்த காலுறைகளைத் தைத்துக் கட்டிலில் வைத்தேன். என் துணிமணிகளை மாவுப் பையில் போட்டுக் கட்டினேன். கோட்டை மாட்டியபோது பையில் அந்த லாட ஆணி விரலில் பட்டது. அவரைவிட்டு ஓடிப்போகிறேன், அவர் கொடுத்த காவலையும் எடுத்துக்கொண்டு போவதா? ஆணியை எடுத்து அலமாரித் தட்டில், கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரிய ரோஷக்காரி நான்!

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மேட்டு வயலுக்குள் எங்கள் பக்கத்து வழியாக நுழைந்தேன். நாற்சந்திப் பக்கம் வெளியேறுகிற வழி வயலின் கீழ் மூலையில் இருக்கிறது. ஒரு பழைய இரும்புக் கட்டிலின் தலைப்பக்கத்தை, பித்தளைக் குமிழ்களோடு அப்படியே நிறுத்திக் கயிற்றால் கட்டி, கதவாக வைத்திருந்தோம். தாத்தா செத்த கட்டில். சின்ன வயதில் அதன்மேல் ஏறி ஊஞ்சலாடியிருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டால்கூட நேரே போய் அதன்மேல்தான் முட்டுவேன்.

பாதி வயல் தாண்டியதும் நாற்சந்தி தெரிந்தது. கோல்மன் நின்றிருந்தான். காலடியில் பெட்டி. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். அப்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. காலில் செருப்புக் கடித்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனாலும் சரிவில் ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினேன்.

கீழ் மூலைக்கு வந்தேன். கட்டில் இல்லை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூலையைத் தவறவிட்டுவிட்டேன் என்று வேலியோரமாகவே நடந்தேன். முள்ளும் காட்டுரோஜாவும் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு வளர்ந்த வேலி. அதில் ஓர் ஆள் நுழையக்கூட இடைவெளி இல்லை. அடுத்த மூலை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நான் நுழைந்த வழியாவது இருக்க வேண்டும் அல்லவா? அதுவும் இல்லை. எங்கள் கிடேரி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அது தலையைத் தூக்கி, யாரோ அந்நியரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது.

நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டேன். 'சபீனா, உனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, ராத்திரி தூங்காததுதான் காரணம்' என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மாவுப் பையைக் கீழே வைத்துவிட்டு, கையை வேலியில் வைத்துத் தடவிக்கொண்டே நடந்தேன். கண் ஏமாற்றினாலும் கை ஏமாற்றாது என்று நினைத்தேன். முள் குத்தி உள்ளங்கை கிழிந்தது. இரும்பு தட்டுப்படவே இல்லை. நேராக நடந்துகொண்டே இருந்தவள் காலில் எதுவோ இடறிற்று. பார்த்தால் என்னுடைய மாவுப் பை.

வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு செய்தேன். தலையில் கட்டியிருந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, முள்ளை விலக்கி, உடம்பை உள்ளே திணித்தேன். காலுறை கிழிந்தது, முகத்தில் கீறிற்று. முனகிக்கொண்டே அந்தப் பக்கம் விழுந்து எழுந்தேன். எதிரே மேடு, முள்மரங்கள், கிடேரி. அதே வயலுக்குள்ளேதான் விழுந்திருந்தேன்.

அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை வந்தது பயமே இல்லை. பட்டப்பகல், வெயில், ரோட்டில் ஒரு சைக்கிள் மணி அடிப்பதுகூடக் கேட்கிறது. டீலியா அக்கா கடைக் கதவின் கிறீச்சிடல் கேட்கிறது. "கோல்மன்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. அவன் நாற்சந்தியில் நின்று நெற்றியில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன்? வேலியோரமாக இங்கும் அங்கும் அலைகிறாள், மூட்டையைக் கீழே வைக்கிறாள், எடுக்கிறாள், திரும்பிப் போகிறாள், வருகிறாள். மனசு வராமல் தவிக்கிறவள் போலத்தானே தெரிந்திருப்பேன்.

ஜெபம் சொன்னேன், பாதியில் மறந்துபோயிற்று. கோட்டுப் பைக்குள் கையை விட்டேன், ஆணி இல்லை. அதை அலமாரியில் வைத்துவிட்டு வந்த கைதானே அது. வேலியைப் பார்த்தபடி, ரோட்டைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்று ஏங்கி ஏங்கி அழுதேன். தூரத்தில் பஸ்ஸின் உறுமல் கேட்டது. திருப்பத்தில் ஏறிக்கொண்டிருந்தது. இதோ வந்துவிடும்.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குள் இருந்த புத்தி எல்லாம் ஓடிவிட்டது. மிச்சமிருந்தது எங்கள் ஊர் மட்டும்தான். என் கை தானாகப் பொத்தான்களைக் கழற்றிற்று. எத்தனை முறை பொய்யாகச் செய்து பழகிய வேலை! கோட்டை உருவி, கைகளை உள்ளிழுத்து, உதறி, திருப்பி, தோளில் போட்டுக்கொண்டேன்.

கண்ணெதிரே கட்டில் நின்றது.

எட்டித் தொடுகிற தூரம். பித்தளைக் குமிழ் வெயிலில் மின்னிற்று. கயிற்று முடிச்சு, நான் தடவிக்கொண்டே போன அதே இடம். 'அம்மாடி!' என்று வாய்விட்டுக் கத்திச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ரோட்டுப் பக்கம் திரும்பினேன்.

கோல்மன் நாற்சந்தியில் இல்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வயல் வேலிக்கு வெளியே ரோட்டோரக் கல்சுவர் வரைக்கும் வந்திருந்தான். சுவரின்மேல் ஒரு கால் ஏறியிருந்தது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று என்னிடம் வருவதற்காக ஏறியிருக்கிறான். ஏறிய நிலையில் அப்படியே நின்று என்னைப் பார்த்தான். நான் வெயிலில் தோள் முதல் முழங்கால் வரை சிவப்பாக நின்றிருந்தேன். சிரித்துக்கொண்டு வேறு நின்றிருந்தேன்.

அவன் காலை மெதுவாக இறக்கினான். தொப்பியைக் கழற்றினான். அதை என்னை நோக்கிக் கொஞ்சம் உயர்த்தினான், மாதா கோயிலுக்குச் சவப்பெட்டி போகும்போது உயர்த்துவார்களே, அப்படி.

"இல்ல!" என்று அலறினேன். "இல்ல, இல்ல, அது இல்ல!" அவன் அதற்குள் திரும்பி நாற்சந்திக்கு ஓடிக்கொண்டிருந்தான், பஸ் இரைச்சலில் என் குரல் அவனுக்கு எட்டவில்லை. கோட்டைக் கழற்றி வீசினேன். தாத்தாவின் கட்டிலில் கட்டிய முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது. அவிழவில்லை என்று அதன்மேலேயே ஏறினேன். ஏறியபோது பஸ் வந்து நின்று ஹாரன் அடிப்பது கேட்டது. அந்தப் பக்கம் குதித்தபோது கதவு சாத்துவது கேட்டது. ரோட்டில் நான் ஓடியது பஸ்ஸுக்குப் பின்னால் இல்லை, அது கிளப்பிய புழுதிக்குப் பின்னால்.

டீலியா அக்காதான் ஓடிவந்து என்னைப் பிடித்தாள். "ஐயோ பொண்ணே, பட்டப்பகல்லயேவா! மறுபடியும் மிதிச்சிட்டியா? மூஞ்சியெல்லாம் பாரு! வா, வந்து உக்காரு." கடைக்குள் இழுத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். வயலுக்கு ஆள் அனுப்பி என் கோட்டையும் மூட்டையையும் எடுத்துவரச் சொன்னாள். கோட்டைச் சிவப்புப் பக்கம் வெளியே இருக்கும்படியே என்மேல் போர்த்திவிட்டாள். தேநீரில் சர்க்கரை இரண்டு கரண்டி போட்டாள்.

"அந்த ரோடு வேலைக்காரப் பையனும் போய்ட்டான்," என்றாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. "யாருக்கோ காத்துக்கிட்டு நின்னான் பாவம். யாரும் வரல போல இருக்கு."

கடிதம் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எந்த ஊருக்கு எழுதுவது? சுரங்கம் தோண்டுகிறவன் ஒரு மாதம் ஓர் ஊரில் இருப்பான், அடுத்த மாதம் வேறு ஊரில். அவனாக எழுதினால்தான் உண்டு. தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தானே, அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினான். மானங்கெட்ட சத்தியம். அவன் கொஞ்சம் பொய்யனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ரோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். புகைபோக்கியில் புகை வந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அண்ணன் திரும்பியிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு மூட்டையோடு உள்ளே நின்றேன்.

மேஜைமேல் ஒரு கோப்பை வைத்திருந்தார். ஒன்றே ஒன்று. ஒரு தட்டு, ஒரு கத்தி, நான் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு. அதற்குப் பக்கத்தில் அந்த லாட ஆணி. பால் கறந்து, வடிகட்டி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். அதுவரை அவர் பாத்திரம் கழுவி நான் பார்த்ததே இல்லை.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்துக் கீறல், மூட்டை, சிவப்புக் கோட்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"பஸ்ஸு வரலியா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு ரொட்டி சுட மாவு பிசைஞ்சா தெரியாதா?" என்றார். "அதுக்கு முன்னாடியே தெரியும். அவங்க ஒரு ஆள மாசா மாசமா புடிச்சு வைப்பாங்க? கோட்டுப் பொத்தான் எல்லாம் அவ்வளவு ஒழுங்காப் போட்டிருக்கும். பயந்து திருப்பிப் போட்டவ பொத்தானா போடுவா? நானா ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். நான் எதிர்ல நின்னா நீ போக மாட்ட. அதான் காலையிலேயே சதுப்புக்குப் போய்க் கரைமேல உக்காந்துட்டேன். பஸ் சத்தம் கேட்டுச்சு. சரி, போயிட்டா நல்லபடியான்னு எந்திரிச்சு வந்தேன்." மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "என்ன ஆச்சு, சபீனா? அவன் வரலியா?"

"வந்தான்."

"பின்ன?"

"மேட்டு வயல்ல மிதிச்சிட்டேண்ணே."

அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. அதுவரை அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "இன்னுமா அந்தக் கதை? யாருக்குச் சொல்ற? எனக்கா? எனக்காகத் திரும்பி வந்தன்னா அதச் சொல்லு, நான் தாங்கிக்கிறேன்! அவங்க மேல ஏன் பழி போடுற?"

சொல்வதற்கு என்னிடம் அந்த ஒரு கதைதான் இருந்தது. அதைத்தான் ஏற்கெனவே பலமுறை செலவழித்துவிட்டேனே. கிழிந்த கைகளை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். பொத்தான் ஒன்றுகூடப் போடவில்லை. ஒரு கை பாதி உள்ளே மடங்கிக் கிடந்தது.

அவர் முகத்திலிருந்த சிவப்பு இறங்கியது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஆணியை எடுத்தார். பிறகு என்னிடம் வந்து அதை என் பைக்குள் போட்டார். திருப்பிப் போட்ட கோட்டில் பை உள்பக்கம் இருந்தது, தேடிக் கண்டுபிடித்துப் போட்டார்.

அலமாரிக்குப் போய் இரண்டாவது கோப்பையை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார், முதல் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். தேநீரை ஊற்றினார்.

"உக்காரு," என்றார்.

உட்கார்ந்தேன். மேஜையைவிட்டு எழுந்து போக எனக்கு இனி இடம் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் சர்க்கரை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தவிப்பது தெரிந்தது. வழக்கமாகச் சொல்கிற நையாண்டி ஒன்றும் அவர் வாய்க்கு வரவில்லை.

"நல்லவேளை, திருப்பிப் போடணும்னு தோணிச்சே உனக்கு," என்றார் கடைசியில். "இல்லன்னா இன்னும் உள்ளேயே மாட்டிக்கிட்டு இருந்திருப்ப."

"ஆமாண்ணே," என்று சொல்லித் தேநீரைக் குடித்தேன்.